அரங்கேற்று காதையின் குழியும் நாம் தோண்டிய குழியும்: வீடு கட்டுகையில் தரம் பார்த்தல்

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். மாதவி ஆடிய அரங்கின் அளவு வரும் இடத்தில் மாணவர்கள் கோல் கணக்கைத் தவறாமல் குறித்துக்கொள்வர். அதற்கு முன்னர், அரங்குக்குரிய நிலத்தைத் தேர்ந்த செய்தியோ ஓரிரு அடிகளில் கடந்துவிடும். உரையாசிரியர் அடியார்க்குநல்லார் அவ்வாறு கடந்துவிடவில்லை. குழி தோண்டி, எடுத்த மண்ணை அக்குழியிலேயே திரும்ப இட்டு, மண் மிகுந்தால் வன்பால், குறைந்தால் மென்பால், ஒத்தால் இடைப்பால் என நிலத்தை மூவகையாகப் பகுக்கும் முறையை அவர் எடுத்துரைக்கிறார். இதே சோதனை மயமதம் முதலிய வடமொழிச் சிற்பநூல்களிலும் காணப்படுகிறது. வராகமிகிரரின் பிருகத் சம்கிதை இன்னும் ஒன்று சேர்த்துச் சொல்கிறது: குழியில் நீரை நிரப்பி, நூறு அடி நடந்து திரும்பி வந்து, நீர் குறைந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

இப்பகுதியை வழிவழி வந்த நம்பிக்கை என்ற அளவிலேயே நாமும் மாணவர்க்குச் சொல்லி வந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2014ஆம் ஆண்டு கிள்ளானுக்கு அருகில் தந்தையார் வாங்கி வைத்திருந்த நிலத்தில் வீடு கட்டத் தொடங்கியபோதுதான் அவ்வுரையை மீண்டும் எடுத்துப் படித்தோம். செறிந்த மண்ணைத் தோண்டினால் அது பொலபொலத்துப் பருமன் கூடும். மீண்டும் இட்டால் குழியில் அடங்காது. ஏற்கெனவே தளர்ந்த மண் காலால் மிதித்து இடும்போது இறுகிக் குழி குறைபடும். நூறு அடி நடந்து வருவதற்குள் நீர் வற்றிப்போனால் மண் நீரை விரைந்து உறிஞ்சுகிறது என்பது பொருள். இவை இன்றைய மண்ணியலார் செறிவு என்றும் நீர்புகுதிறன் என்றும் அளந்து எழுதுவனவே. வீடு கட்டுகையில் ஒவ்வொரு கட்டத்திலும் தரத்தை எவ்வாறு பார்ப்பது என்பதை, தமிழ் ஆசிரியர்கள் பயன்கொள்ளும் வகையில், எமது பட்டறிவையும் சேர்த்து இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. நாம் பொறியாளர் அல்லோம். பொறியாளர் சொன்னதைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொண்ட வீட்டுக்காரர் என்ற நிலையிலேயே எழுதுகிறோம்.

சட்டம் யாரைக் காக்கிறது?

மலேசியாவில் வீடு பெறுவோர் இரு வகையினர். மேம்பாட்டாளரிடமிருந்து வாங்குவோர் ஒரு வகை. சொந்த நிலத்தில் குத்தகையாளரைக் கொண்டு கட்டுவோர் மற்றொரு வகை. முதல் வகையினர்க்கு 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டமும் அதன்கீழ் 1989இல் இயற்றப்பட்ட ஒழுங்குவிதிகளும் துணை நிற்கின்றன. நில வீடாயின் ஜி அட்டவணைப்படியும் அடுக்குமாடி வீடாயின் எச் அட்டவணைப்படியும் ஒப்பந்தம் எழுதப்படுகிறது. வீட்டைக் கையேற்ற நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தோன்றும் குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவிலேயே செப்பனிட வேண்டும். எழுத்து மூலம் அறிவித்த 30 நாட்களுக்குள் அதனைச் செய்ய வேண்டும். விலையின் இறுதி 5 விழுக்காடு வழக்கறிஞரின் பொறுப்பில் இருக்கும். அதில் பாதி 8 மாதங்கள் கழித்தும் மறுபாதி 24 மாதங்கள் கழித்துமே மேம்பாட்டாளரைச் சென்றடையும். 2002 முதல் இயங்கிவரும் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைக் கொண்டுசெல்லலாம்.

இவ்வளவும் இரண்டாம் வகையினர்க்கு இல்லை. நான்கு வீடுகளுக்கு மேற்பட்ட மேம்பாட்டையே அச்சட்டம் ஆள்கிறது. தந்தையாரின் நிலத்தில் ஒரே ஒரு வீடு எழுப்பும் ஆசிரியருக்கு 24 மாதமும் இல்லை, நிறுத்திவைக்கப்பட்ட 5 விழுக்காடும் இல்லை, தீர்ப்பாயமும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு. நம்மவருள் பலர் ஒப்பந்தம் என்று வைத்திருப்பது ஒரு பக்க விலைப்பட்டியலே என்பது வருந்தத்தக்கது. நமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சுவர் எழும்பும் முன்பே தொகையில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, பின்னர் குத்தகையாளரைத் தேடி அலைந்தார். ஓய்வூதியப் பணிக்கொடை முழுவதும் அதில் போயிற்று. அவ்வீட்டில் இன்றும் மேல்மாடிக்குக் கூரை மட்டுமே உண்டு, தளம் பூசப்படவில்லை.

எமது வீட்டின் பணம் தந்தையாருடையது. முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்துச் சேர்ந்த ஊழியர் சேமநிதி. ஆகவே கவனக்குறைவுக்கு இடம் தரக்கூடாது என்றே தொடங்கினோம். தொடங்கியபடியே முடித்தோமா என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

வரைபடம்

தரம் பார்த்தல் என்றவுடன் செங்கல்லைத் தட்டிப் பார்ப்பதையே பலரும் நினைப்பர். அதற்கு முன் பார்க்க வேண்டியது வரைபடமும் அதைத் தந்தவரின் தகுதியும் ஆகும். சிங்கப்பூரில் 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் நியூ வோர்ல்டு தங்கும்விடுதி ஒரு நிமிடத்திற்குள் சரிந்து 33 பேர் மாண்டனர். கட்டடம் தன் சொந்த எடையைத் தாங்க வேண்டும் என்பதே கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பதை விசாரணை வெளிப்படுத்தியது. அதன் கட்டமைப்பு வரைபடத்தைத் தயாரித்தவர் தகுதிபெற்ற பொறியாளர் அல்லர். பூச்சையும் தரையையும் எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தாலும் அப்பிழை கண்ணுக்குத் தெரிந்திராது. அந்நாட்டில் ஒருவரின் கட்டமைப்புக் கணக்கை வேறொரு பொறியாளர் தனியே சரிபார்க்கும் முறை அதன் பின்னரே, 1989இல், சட்டமாயிற்று.

மலேசியாவில் 2007 ஏப்ரல் முதல், கட்டடத்திற்குரிய பணிநிறைவு இணக்கச் சான்றிதழை ஊராட்சி மன்றம் அன்றி, வரைபடத்தைச் சமர்ப்பித்த கட்டடக்கலைஞரோ பொறியாளரோ வழங்குகிறார். அடித்தளம், கட்டமைப்பு, கூரை, கழிவுநீர் எனப் பகுதி பகுதியாக ஜி படிவங்களில் குத்தகையாளரும் மேற்பார்வையாளரும் கையொப்பமிட வேண்டும். இப்படிவங்களின் படிகளை வீட்டுக்காரர் கேட்டுப் பெறலாம். எனினும் அச்சான்றிதழ் கட்டடம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்திற்கும் சட்டத்திற்கும் இணங்கியது என்பதையே சொல்கிறது; குளியலறை ஒழுகாது என்று உறுதி கூறுவதில்லை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர்.

மண்

கிள்ளான் கரையோரப் பகுதியின் மண் கடற்களிமண். மேலே இரண்டடிக்குச் செம்மண் கொட்டி நிரப்பியிருப்பார்கள். பார்வைக்கு உறுதியாகத் தோன்றும். அடியார்க்குநல்லாரின் குழி அந்தச் செம்மண்ணைத்தான் சோதிக்கும். அதன் கீழுள்ள களிமண்ணை எட்டாது. அங்கே உதவுவது மெக்கிந்தாஷ் துளைகருவி. கூர்முனைக் கம்பி ஒன்றின் தலையில் ஐந்து கிலோ எடையுள்ள சுத்தியலை மீண்டும் மீண்டும் விழவிட்டு, கம்பி ஓர் அடி ஆழம் இறங்க எத்தனை அடி தேவைப்பட்டது என்று எண்ணுவர். அளவைக்கும் அடித்தலுக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்திருப்பது களத்தில் சிறு குழப்பத்தையும் நகைப்பையும் தந்தது. எமது நிலத்தில் முதல் இரண்டடிக்குப் பின்னர் கம்பி ஏறக்குறையத் தன் எடையிலேயே இறங்கியது. அதனைக் கண்ட தந்தையார் ஒன்றும் பேசாது ஓரமாகச் சென்று அமர்ந்துவிட்டார்.

ஆகவே ஆழத் தூண்கள் அடித்தே வீடு எழுந்தது. செலவு கூடியது. அந்தச் செலவை ஈடுகட்ட, கார் நிறுத்தும் முன்தளத்திற்கு மட்டும் தூண் வேண்டாம், நேரே மண்மீது கான்கிரீட்டு இட்டுவிடலாம் என்று குத்தகையாளர் யோசனை கூறினார். நாமும் இசைந்தோம். வீடு அசையவில்லை, முன்தளம் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. வீட்டுக்கும் அதற்கும் இடையே இன்று கைவிரல் நுழையும் பிளவு உள்ளது. தூண்மேல் நிற்பதும் மண்மேல் நிற்பதும் ஒரே வேகத்தில் இறங்கமாட்டா. இரண்டையும் இணைத்துக் கட்டினால் இணைப்பு விரியும். இப்பகுதியில் பின்கட்டுச் சமையலறையை நீட்டிக் கட்டும் வீடுகளில் காணப்படும் விரிசல்களுட் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம்.

கம்பியும் கான்கிரீட்டும்

கட்டுமானத்தில் திரும்பப் பார்க்க முடியாத பகுதி இதுவே. சுவரை இடித்துக் கட்டலாம், ஓட்டை மாற்றலாம். ஊற்றி இறுகிய தூணுக்குள் கம்பி எங்கே இருக்கிறது என்பதைப் பின்னர் அறிவது அரிது. ஆதலின் இங்குச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஊற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை கம்பியின் தடிமன், எண்ணிக்கை, வளையங்களின் இடைவெளி என்பன. வரைபடத்தில் டி, ஆர் என்ற எழுத்துகளை அடுத்து வரும் எண் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். ஓர் அளவுநாடாவும் வரைபடத்தின் படியும் இருந்தால் தமிழாசிரியரும் எண்ணிவிடலாம். செய்யுளில் சீர் பிரிப்பதைவிட இது எளிது. அடுத்தது மூடுதடிமன், அதாவது கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்திற்கும் இடையே இருக்க வேண்டிய கனம். கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டிருக்க ஊற்றினால் கனம் இல்லாது போகும், ஈரக்காற்று புகும், கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கொள்வது. அது கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். இதைத் தவிர்க்கக் கம்பிக்கு அடியிலும் பக்கத்திலும் சிறு சிமெண்டுக் கட்டைகளைக் கட்டுவர். மண்ணின்மீது நேரே ஊற்றும் அடித்தளத்தில் 75 மில்லிமீட்டர் கனமும், கீழே மெல்லிய கான்கிரீட்டுப் படுகை இட்டிருந்தால் 40 மில்லிமீட்டரும் விடுவது பிரிட்டிஷ் தரநூல் வழிவந்த முறை.

எல்லாக் கட்டத்திலும் கட்டைகளை நாம் சரிபார்த்தோம், ஒன்றைத் தவிர. பின்புற விட்டம் ஒன்றை ஊற்றிய நாளில் தேர்வு மேற்பார்வைப் பணி இருந்தது. குத்தகையாளர் நாளை மாற்ற விரும்பவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. ஏழாண்டுகள் கழித்து, 2022இல், அவ்விட்டத்தின் அடியில் பழுப்புக் கோடு ஒன்று தோன்றியது. சில திங்களில் உள்ளங்கை அளவுக் காரை பெயர்ந்து விழுந்தது. துருப்பிடித்த கம்பி தெரிந்தது. கம்பிக்குக் கீழே இருந்த கனம் ஒரு நாணயத்தின் அளவுகூட இல்லை. கொத்தி எடுத்து, கம்பியைச் சுரண்டித் தூய்மை செய்து, துருத்தடுப்பு பூசி, தனிவகைக் காரை இட்டு மூட மூன்று வாரம் பிடித்தது. தந்தையார் அப்போது இல்லை.

கான்கிரீட்டைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியது தண்ணீர். சிமெண்டு இறுகுவதற்கு வேண்டிய நீர் அதன் எடையில் ஏறக்குறையக் கால் பங்குதான். வேலை செய்ய இலகுவாக இருக்கவேண்டும் என்பதற்காக அரைப் பங்கு அளவுக்குச் சேர்ப்பர். அதற்கும் மேல் சேர்க்கும் நீர் ஆவியாகிப் போகும், போன இடத்தில் நுண்துளைகள் நிற்கும், வலிமை குறையும். கலவை லோரி வந்து நின்றதும் தொழிலாளி குழாயை எடுத்து உள்ளே நீர் பாய்ச்சுவது எங்கும் காணும் காட்சி. தளம் ஊற்றிய நாளில் நாம் அதைத் தடுத்தபோது சற்று வாக்குவாதம் ஏற்பட்டது. குத்தகையாளர், கட்டியாகப் போனால் மூலைகளில் தேனடைபோல் துளை விழும் என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. அதற்கு மருந்து அதிர்வுக் கருவியை முறையாகப் பயன்படுத்துவதேயன்றி நீர் ஊற்றுவது அன்று என்று பொறியாளர் தொலைபேசியில் கூறிய பின்னரே குழாய் கீழே வைக்கப்பட்டது.

நீர் மிகுந்துள்ளதா என அறிய ஓர் எளிய சோதனை உண்டு. 300 மில்லிமீட்டர் உயரமுள்ள கூம்பு அச்சில் கலவையை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 முறை கம்பியால் குத்தி, அச்சை மேலே தூக்க வேண்டும். கலவை எவ்வளவு சரிந்து அமர்கிறது என்பதே அளவு. லோரியுடன் வரும் சீட்டில் குறித்த சரிவைவிடக் கூடுதலாக அமர்ந்தால் அந்த லோரியைத் திருப்பி அனுப்பலாம். அதே சீட்டில் கலவை ஏற்றிய நேரமும் இருக்கும். பொதுவாக இரண்டு மணி நேரத்திற்குள் ஊற்றிவிட வேண்டும். அன்றே 150 மில்லிமீட்டர் கனசதுரங்களும் வார்த்து வைப்பர். அவற்றை 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நொறுக்கிப் பார்ப்பர். 25ஆம் தரக் கான்கிரீட்டு என்றால் 28ஆம் நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். ஏழாம் நாளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வந்திருக்கும். ஊற்றிய பின் ஏழு நாளேனும் ஈரம் காக்க வேண்டும். மழை பெய்யும் நாடுதானே என்று விட்டுவிடலாகாது. நம் நாட்டு நண்பகல் வெயில் ஒரே நாளில் தளத்தை உலர்த்திவிடும்.

சுவர்

நூல் என்ற சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிப்பதை நன்னூலார் பாயிரத்தில் பயன்படுத்திக்கொண்டதை ஆசிரியர்கள் அறிவர்: மரத்தின் வளைவை நீக்கும் தச்சனின் நூலை அவர் மனத்தின் வளைவை நீக்கும் நூலுக்கு உவமையாக்குகிறார். நெடுநல்வாடையில் அரண்மனைக்கு இடம் வகுப்போர் நண்பகல் நிழல் கொண்டு திசை தேர்ந்து கயிறிட்டு அளக்கின்றனர். இக்கருவிகள் இன்றும் மாறவில்லை. எமது களத்தில் கொத்துவேலை செய்தோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். அவர்களுக்கு மூத்தவராக இருந்த தமிழ்க் கொத்தனார் ஒருவர் மட்டும் தூக்குக்குண்டு, மட்டப்பலகை, மூலைமட்டம் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார். நீள்குழாயில் நீர் நிரப்பி இரு முனையிலும் மட்டம் ஒப்பிடுவதை அவரிடமே கற்றோம். மூலை செங்கோணமா என அறிய அவர் செய்தது மூன்றடி, நான்கடி, ஐந்தடி முக்கோணம். பித்தகோரசு பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை.

எவ்வளவு சாய்வைப் பொறுக்கலாம் என்பதற்கு இப்போது எழுத்து வடிவ அளவுகோல்கள் உள்ளன. சிங்கப்பூரில் 1989இல் கான்குவாஸ் என்ற மதிப்பீட்டு முறை அறிமுகமாயிற்று. மலேசியக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் குலாசிக் தரநூல் 2006இல் வந்தது. சுவர் ஒரு மீட்டர் உயரத்திற்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் சாயலாகாது, 1.2 மீட்டர் நீளப் பட்டியை வைத்தால் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியலாகாது என்பன போன்ற வரையறைகள் இத்தகைய முறைகளில் உள்ளன. தனிவீட்டுக்கு அதிகாரபூர்வ மதிப்பீடு தேவையில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் அவ்வளவுகளைச் சேர்த்து எழுதலாம். “கண்ணுக்கு நேராக இருக்கிறதே” என்ற பேச்சுக்கு அப்போது இடமிராது.

தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் கம்பிவலை வைத்துப் பூசினார்களா, சன்னலுக்கு மேல் உத்தரம் இருபுறமும் சுவருக்குள் போதிய நீளம் சென்றுள்ளதா என்பவற்றைப் பூச்சுக்கு முன் பார்த்துவிட வேண்டும். சன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஓடும் விரிசல் இவற்றின் குறைபாட்டிலிருந்து பிறப்பதே மிகுதி. பூசிய பின் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே செல்லலாம். பொள்ளல் ஒலி கேட்கும் இடத்தில் பூச்சு சுவரைப் பற்றவில்லை. இங்கிலாந்தில் ஆய்வு மாணவராக வாடகைக்கு இருந்த பழைய வீட்டில், உரிமையாளரான மூதாட்டி ஒவ்வோர் இளவேனிலிலும் சுவரைத் தட்டிக்கொண்டே நடப்பார். அன்று அது விளங்கவில்லை.

நீரும் மின்சாரமும்

குளியலறையில் ஓடு பதிப்பதற்கு முன், நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும், வடிகாலை அடைத்து நீர் தேக்கி 24 மணி நேரம் விட வேண்டும். மறுநாள் கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடு பதித்த பின் ஒரு வாளி நீர் ஊற்றினால் அது தானே வடிகாலை நோக்கி ஓட வேண்டும். மூலையில் தேங்கினால் சரிவு தவறு. எமது மேல்மாடிக் குளியலறை ஒன்றில் தேங்கியது. ஓடுகளைப் பெயர்த்து மீண்டும் பதித்தனர். பணம் கையில் இருந்ததால் பெயர்த்தனர் என்றே கூற வேண்டும். ஒப்பந்தத்தில் 5 விழுக்காட்டை ஓராண்டு நிறுத்திவைக்க எழுதியிருந்தோம். நீர்சூடேற்றிக்கு 10 மில்லியாம்பியர் கசிவுத்தடுப்பி தனியே பொருத்தப்பட்டுள்ளதா என்பதையும், அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே துண்டிக்கப்படுகிறதா என்பதையும் குடிபுகும் முன் பார்த்தல் இன்றியமையாதது.

பணம் கொடுக்கும் முறை

அரசின் வீட்டுக்கடன் பெறும் ஆசிரியர்க்குத் தொகை பணிநிலைக்கேற்பத் தவணைகளாகவே விடுவிக்கப்படுகிறது. சொந்தப் பணத்தில் கட்டுவோரும் இதனையே பின்பற்றலாம்: அடித்தளம் முடிந்தால் இவ்வளவு, தளம் ஊற்றிக் கனசதுர முடிவு வந்தால் இவ்வளவு என்று. நாளைக் குறித்துத் தவணை எழுதலாகாது, வேலையைக் குறித்தே எழுத வேண்டும். குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா, ஜி1 முதல் ஜி7 வரையிலான தரங்களில் எதில் உள்ளார், அத்தரத்திற்குரிய மதிப்பிற்குள் நம் வீடு அடங்குகிறதா என்பவற்றையும் முன்னரே கேட்டறியலாம்.

பொறியாளரை எத்தனை முறை வரச்செய்வது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். எமது பொறியாளர் மூன்று முறையே வந்தார்; ஒப்பந்தத்தில் எண்ணிக்கை இல்லாததால் கேட்க இயலவில்லை. நாம் செய்தது ஒன்றுண்டு. அறுபது பக்கக் குறிப்பேடு ஒன்றில் நாள், வானிலை, வந்த லோரியின் சீட்டு எண், கம்பியின் எண்ணிக்கை, உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை எழுதி, ஊற்றுவதற்கு முன் எடுத்த நிழற்படங்களையும் ஒட்டி வைத்தோம். பின்புற விட்டம் பழுதுற்றபோது அதனைப் புரட்டினோம். எல்லா ஊற்றுக்கும் பக்கம் இருந்தது. அந்த நாளுக்கு மட்டும் இல்லை. தற்போது தம்பி ரவாங்கில் வீடு கட்டத் தொடங்கியுள்ளார். குறிப்பேட்டின் படியைக் கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறார்; அடுத்த திங்கள் முதல் தளம் ஊற்றும் நாளைப் பள்ளி விடுமுறையில் வைக்கும்படி சொல்லியுள்ளோம்.